காலுக்குக் கீழே 6,371 கிலோமீட்டர்: சித்தூர் தாலுக்காவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. மழை குறைவு, போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறு அதிகம். அதனால் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற பேச்சு இங்கே வகுப்பறையோடு நிற்பதில்லை. போர் வண்டி நிற்கும் தோப்பிலும் நடக்கும், டீக்கடையிலும் நடக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் வாசகசாலையில் பாடம் சொல்லித் தருகிறவன் என்பதால், கேள்விகள் சுற்றிச் சுற்றி என்னிடம்தான் வந்து சேரும். திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். பதில்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போவதால் எண் போட்டிருக்கிறேன்.

1. மாஷே, மொத்தம் எத்தனை அடுக்கு? ஒரு புஸ்தகத்துல மூணுங்கறாங்க, இன்னொண்ணுல நாலுங்கறாங்க.

இரண்டும் சரி. எதனால் ஆனது என்று பார்த்துப் பிரித்தால் மூன்று: மேலே மேலோடு, அதன் கீழே மேன்டில் எனப்படும் கவசம், நடுவில் கரு. கருவை மட்டும் வெளிக்கரு, உட்கரு என்று இரண்டாக்கினால் நான்கு. வெளிக்கரு திரவம், உட்கரு திடம்.

கண்டங்களுக்கு அடியில் மேலோடு பெரும்பாலும் 30 முதல் 50 கிலோமீட்டர் தடிமன். திபெத்துக்கு அடியில் 70 வரை போகும். கடலுக்கு அடியில் ஆறேழு கிலோமீட்டர்தான். மேலோடு முடிந்த இடத்திலிருந்து 2,890 கிலோமீட்டர் ஆழம் வரை கவசம். அங்கிருந்து 5,150 கிலோமீட்டர் வரை வெளிக்கரு. மீதி, அதாவது மையம் வரையுள்ள 1,220 கிலோமீட்டர், உட்கரு. பூமியின் கன அளவில் சுமார் 84 சதவீதம் கவசம்தான். புத்தகப் படத்தில் மேலோட்டைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டால்தான் கண்ணுக்குத் தெரியும் என்று போட்டுவிடுகிறார்கள். உண்மையான அளவில் வரைந்தால் அது பென்சில் கோடுதான்.

2. நாங்க ஆயிரம் அடி போர் போட்டிருக்கோம். அது மேலோட்டைத் தாண்டியிருக்குமா?

ஆயிரம் அடி என்பது சுமார் 305 மீட்டர். நமக்கு அடியில் மேலோடு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்த போரை நூற்று முப்பது தடவை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால்தான் மேலோடு முடியும்.

போரில் கிடைக்கும் தண்ணீர் பாறை வெடிப்புகளில் தங்கிய மழைத் தண்ணீர். ஆழம் போகப் போக மேலே உள்ள பாரத்தில் வெடிப்புகள் நெருங்கிப்போகும். அதனால்தான் நம் பக்கத்துக் கெட்டிப் பாறையில் ஒரு ஆழத்துக்கு மேல் எவ்வளவு இறக்கினாலும் புகைதான் வருகிறது. திருச்செங்கோட்டு போர் வண்டிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

3. ஆழமான போர்ல தண்ணி வெதுவெதுன்னு வருதே, உள்ளே இருக்கற நெருப்போட சூடா அது?

நெருப்பு இல்லை, ஆனால் உள்ளிருந்து வரும் சூடு கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. மேலோட்டில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி கூடும் என்பது உலகச் சராசரி. தென்னிந்தியாவின் பழம்பாறையில் அதைவிடக் குறைவு. ஆயிரம் அடிக்கு ஐந்தாறு டிகிரி கூடினால் பெரிது. மீதிச் சூட்டில் நீர்மூழ்கி மோட்டாருக்கும் பங்கு உண்டு.

கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கே ஒரு கேள்வி போடுவார்கள். கிலோமீட்டருக்கு 25 டிகிரி என்றால் மையத்தில் 1,60,000 டிகிரி வர வேண்டுமே? வராது. அந்த வேகம் மேலோட்டுப் பகுதியில் மட்டும்தான். கவசத்துக்குள் நுழைந்ததும் ஏற்றம் கிலோமீட்டருக்கு அரை டிகிரிக்கும் கீழே போய்விடும். ஏனென்றால் அங்கே பாறையே மெல்ல நகர்ந்து சூட்டைக் கலக்கிவிடுகிறது. மையத்தின் வெப்பம் 5,000 முதல் 6,000 டிகிரி செல்சியஸ் என்று மதிப்பிடுகிறார்கள். சூரியனின் மேற்பரப்பும் கிட்டத்தட்ட இதே சூடுதான்.

4. மேலோட்டுக்குக் கீழே முழுக்க லாவாதானே? படத்துல செவப்பா ஓடற மாதிரிதான் போட்டிருக்கு.

எனக்கு வரும் சந்தேகங்களில் பாதி இந்தச் சிவப்பு நிறத்தால் வந்தவை. கவசம் திடப்பாறை. ஆங்காங்கே, முக்கியமாக மேல் பகுதியில், கொஞ்சம் உருகியிருக்கும். மற்றபடி 2,890 கிலோமீட்டர் வரை பாறைதான். அதன் மேல்பகுதியில் ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் அதிகம் என்பதால், வண்ணம் அடிக்கத்தான் வேண்டும் என்றால் பச்சை அடித்திருக்கலாம்.

திடமாக இருந்துகொண்டே அது நகரவும் செய்கிறது. ரோடு போட வைத்திருக்கும் தாரைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் தட்டினால் கல் மாதிரி உடையும். அதே தார் டின்னைச் சாய்த்துப் போட்டு ஆறு மாதம் விட்டால் வழிந்திருக்கும். கவசப் பாறைக்கு வேண்டியது ஆறு மாதம் இல்லை, லட்சக்கணக்கான வருடங்கள். வேகம் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர். இந்தியா அமர்ந்திருக்கும் பெரும்பாறைத் தட்டும் வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. நம் ஊரையும் சேர்த்துத்தான்.

5. ஒருத்தரும் இறங்கிப் பாத்ததில்லை. அப்புறம் எப்படி இவ்வளவு சரியா கிலோமீட்டர்ல சொல்றாங்க?

நிலநடுக்க அலைகளை வைத்து. பெரிய நடுக்கம் வந்தால் அதிர்வு பூமிக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவரும். மையம் வழியாக வருவதற்கே சுமார் இருபது நிமிடம்தான் ஆகும். போகிற வழியில் பாறை மாறினால் வேகம் மாறும், பாதை வளையும். எந்த ஊரில் எந்த நொடியில் வந்து சேர்ந்தது என்று பல நாட்டுக் கருவிகளை ஒப்பிட்டால், வழியில் என்ன இருந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். பி அலை என்பது முன்னும் பின்னும் தள்ளிப்போகும் அலை. அது திடம், திரவம் இரண்டிலும் போகும். எஸ் அலை குறுக்கே ஆட்டிக்கொண்டு போவது. அது திரவத்துக்குள் போகாது. இந்த ஒரு வித்தியாசம்தான் மொத்தக் கதைக்கும் சாவி.

இந்தக் கதையின் தொடக்கம் இந்தியாவில்தான். 1897 ஜூன் 12 அன்று அசாமில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். தூரத்துக் கருவிகளின் பதிவுகளில் பி, எஸ், மேற்பரப்பு அலை மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியவர் அவர். 1906-இல், பூமியின் நடுவே அலைகளைத் தாமதப்படுத்தும் ஒரு கரு இருக்கிறது என்று அவரே எழுதினார். 1909-இல் குரோஷியாவில் ஒரு நடுக்கம் வந்தபோது, சில பத்து கிலோமீட்டர் ஆழத்தில் அலை வேகம் சட்டென்று கூடுவதை ஆந்த்ரியா மொஹொரோவிசிச் கண்டார். மேலோடும் கவசமும் சந்திக்கும் அந்த எல்லைக்கு இன்றும் அவர் பெயரைச் சுருக்கி மோஹோ என்கிறார்கள். கருவின் ஆழம் 2,900 கிலோமீட்டர் என்று பேனோ குடென்பெர்க் கணக்கிட்டார். இன்றைய கணக்குக்கும் அவர் கணக்குக்கும் வித்தியாசம் வெறும் பத்து கிலோமீட்டர்! அந்தக் கரு திரவம் என்று ஹெரால்டு ஜெஃப்ரீஸ் 1926-இல் நிறுவினார்.

உட்கருவைக் கண்டுபிடித்தது டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண்மணி. அலையே வரக்கூடாத நிழல் பகுதியில், 1929-இல் நியூசிலாந்தில் நடந்த நடுக்கத்தின் மெல்லிய பி அலைகள் பதிவாகியிருந்தன. மற்றவர்கள் ஏதோ சிதறல் என்று விட்டதை அவர் விடவில்லை. உள்ளே இன்னொரு பந்து இருந்தால்தான் அலை அப்படித் திரும்பும் என்று 1936-இல் எழுதினார். கணினி இல்லாத காலம், எல்லாம் அட்டைகளில் குறித்து வைத்துக் கையால் போட்ட கணக்கு. அவர் 104 வயது வரை வாழ்ந்தார். பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பத்தி கொடுத்திருக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

6. இவ்வளவு மெஷின் இருக்கு, நேரா குடைஞ்சு பாத்தா என்ன?

குடைந்தார்கள். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கி 1989-இல் 12,262 மீட்டர் ஆழம் தொட்டார்கள். துளையின் அகலம் ஒரு சாண் அளவுதான். அடியில் 100 டிகிரி இருக்கும் என்று நினைத்துப் போனால் 180 டிகிரி இருந்தது. அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் பாறை இளகி, கம்பியை மேலே எடுத்ததும் துளை மூடிக்கொள்ளப் பார்த்தது. அதோடு விட்டார்கள். இருபது வருட உழைப்பில் பூமியின் ஆரத்தில் 0.2 சதவீதம்கூடப் போகவில்லை. கண்ட மேலோட்டிலேயே மூன்றில் ஒரு பங்குதான்.

ஆட்கள் இறங்கிய ஆழம் என்றால் நம் பக்கத்தில் கோலார் தங்கவயல். 3 கிலோமீட்டருக்கும் மேல். அங்கே இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் வேலை செய்ய முடியும். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

7. அப்ப கவசத்துப் பாறையை யாருமே தொட்டதில்லையா?

தொட்டிருக்கிறார்கள். பூமியே சில இடங்களில் மேலே கொண்டுவந்து தந்திருக்கிறது. அட்லாண்டிக் நடுவில் கடல்தரை பிரியும் ஓரிடத்தில் கவசப் பாறை மேலோட்டைத் தாண்டி மேலே வந்திருக்கிறது. 2023-இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற கப்பல் அங்கே 1,268 மீட்டர் துளையிட்டு அந்தப் பாறையை உருளை உருளையாக எடுத்தது.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் சேலம். அங்குள்ள வெள்ளைக்கல் மலையில் மேக்னசைட்டோடு டியூனைட் என்ற பாறையும் வெட்டுகிறார்கள். அது முக்கால்வாசிக்கு மேல் ஆலிவின், அதாவது கவசத்துப் பாறையின் இனம். இன்னொன்று ஆந்திராவில், அனந்தபூர் மாவட்டத்து வஜ்ரகரூர். அங்கே கிம்பர்லைட் குழாய்கள் இருக்கின்றன. நூறு கோடி வருடங்களுக்கு முன்பு 150 கிலோமீட்டருக்கும் கீழே இருந்து சீறிக்கொண்டு வந்த பாறைக்குழம்பின் தடங்கள் அவை. வழியில் அகப்பட்ட வைரங்களையும் சுமந்து வந்தது. முதல் மழை பெய்ததும் அந்தப் பக்கத்து ஜனங்கள் வயலில் குனிந்து வைரம் தேடுவது இதனால்தான்.

8. பூமிக்குள்ள பெரிய காலி இடம், பாதாளம் மாதிரி ஏதாவது இருக்குமா?

இருக்க வழியில்லை. 1798-இல் ஹென்றி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளை வைத்து ஒரு நுட்பமான சோதனை செய்து, பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல ஐந்தரை மடங்கு என்று கண்டார். நம் கருங்கல் தண்ணீரைப் போல 2.7 மடங்குதான். மேலே உள்ளது சராசரியில் பாதி என்றால், உள்ளே இருப்பது பலமடங்கு கனமாக இருந்தாக வேண்டும். காலியாக இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

9. கரு இரும்புன்னு எதை வச்சு சொல்றாங்க? நிக்கல், இரும்புன்னு மனப்பாடம் பண்ண வச்சுட்டீங்க.

ஒரே சாட்சியை வைத்து இல்லை, பல சாட்சி. முதலாவது மேலே சொன்ன கனம். இரண்டாவது விண்கற்கள்: சூரியக் குடும்பம் உருவான காலத்து மிச்சம் அவை, அவற்றில் ஒரு வகை முழுக்க இரும்பும் நிக்கலும். மூன்றாவது அலை வேகம்: சோதனைக்கூடத்தில் இரும்பை வைர முனைகளுக்கு நடுவே நசுக்கிப் பார்த்தால் கருவில் அளந்த வேகத்துக்குக் கிட்ட வருகிறது. நான்காவது பூமியின் காந்தம். மின்சாரம் கடத்தும் திரவம் உள்ளே சுழன்றால்தான் அப்படி ஒரு காந்தப்புலம் நிலைக்கும். அந்தக் காந்தப்புலத்தின் நடுக்கோடு கேரளத்தின் தெற்கு வழியாகப் போனதால்தான் தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் சுத்த இரும்பு இல்லை. வெளிக்கரு சுத்த இரும்பைவிடச் சில சதவீதம் லேசாக இருக்கிறது. கந்தகம், சிலிக்கான், ஆக்சிஜன் போன்ற ஏதோ லேசான தனிமங்கள் கலந்திருக்கின்றன. எது எவ்வளவு என்பதில் இன்னும் சண்டைதான்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தேர்வில் வரும். மேலோட்டில் அதிகம் உள்ளது ஆக்சிஜன் (46 சதவீதம்), அடுத்து சிலிக்கான் (28). மொத்தப் பூமியையும் எடுத்தால் முதலிடம் இரும்புக்கு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கேள்வியில் ‘மேலோடு’ என்று இருக்கிறதா, ‘பூமி’ என்று இருக்கிறதா பார்த்து எழுத வேண்டும்.

10. தங்கமெல்லாம் நடுவுலதான் இருக்குதாமே, நெஜமா?

பெரும்பகுதி அங்கேதான். பூமி உருவான புதிதில் உருகிக் கிடந்தபோது இரும்பு கனத்தால் கீழே இறங்கியது. தங்கமும் பிளாட்டினமும் இரும்போடு ஒட்டும் குணம் உள்ளவை, கூடவே போய்விட்டன. கோலாரிலும் நிலம்பூர் சாலியாற்று மணலிலும் நமக்குக் கிடைப்பது, பிற்பாடு வந்து விழுந்த விண்கற்கள் கொண்டுவந்ததன் மிச்சம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

11. நடுவுல சூடு ஜாஸ்தின்னா உட்கரு எப்படிக் கெட்டியா இருக்கும்? வெளிக்கருதானே கெட்டியா இருக்கணும்?

நல்ல கேள்வி, வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். உருகுவதைச் சூடு மட்டும் தீர்மானிப்பதில்லை, அழுத்தமும் சேர்ந்துதான். மையத்தில் அழுத்தம் நம் மேல் உள்ள காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 36 லட்சம் மடங்கு. அந்த நெருக்கலில் இரும்பு அணுக்களுக்கு விலகி ஓட இடமில்லை, அதனால் உருகுநிலை எங்கோ மேலே போய்விடும். வெளிக்கருவில் சூடு ஜெயிக்கிறது, உட்கருவில் அழுத்தம் ஜெயிக்கிறது.

பூமி மெல்ல ஆறிக்கொண்டிருப்பதால் வெளிக்கருவின் இரும்பு உட்கருமேல் உறைந்துகொண்டே இருக்கிறது. உட்கரு வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்கிறது.

12. 450 கோடி வருஷம் ஆச்சுங்கறீங்க, இன்னும் ஏன் ஆறலை?

பாறை சூட்டை மிக மெதுவாகத்தான் விடும் என்பது ஒரு காரணம். உள்ளே இன்னும் சூடு உற்பத்தியாகிறது என்பது அடுத்தது. யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் ஒரு வகை ஆகியவை சிதையும்போது வெப்பம் வரும். கொல்லம் சவறா கடற்கரை மணலில் தோரியம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே தோரியம் சிறு அளவில் நம் காலடிப் பாறையிலும் கவசத்திலும் பரவிக் கிடக்கிறது. அந்தச் சிதைவில் பிறக்கும் நியூட்ரினோ துகள்களை ஜப்பானின் காம்லேண்ட் ஆய்வகம் எண்ணிப் பார்த்து, பூமியிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி கதிரியக்கத்தால் வருகிறது என்று 2011-இல் அறிவித்தது. மீதிப் பாதி பிறந்த காலத்துப் பழைய சூடு.

13. அப்ப பாலக்காட்டு வெயிலுக்கு இதுவும் ஒரு காரணமா?

இல்லை. பூமிக்குள்ளிருந்து வருவது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நட்ட நடு மதியத்தில் சூரியன் தருவது அதே இடத்துக்கு ஆயிரம் வாட் வரை. வெயிலுக்குச் சூரியனையும் கணவாய்க் காற்றையும் திட்டுங்கள், பூமியை விட்டுவிடுங்கள்.

14. நெல்லியாம்பதி மலையில இருக்கற கருங்கல்லு பூமிக்கு அடியில இருந்து வந்ததுன்னு ஒரு தடவை சொன்னீங்களே, அது என்ன கதை?

அந்தக் கல் சார்னோகைட். நெல்லியாம்பதியிலும் நீலகிரியிலும் சென்னை பரங்கிமலையிலும் இதே இனம். பெயர் வந்த விதம் வேடிக்கை. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் வைத்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, இறந்தவர் பெயரையே பாறைக்கு வைத்தார்.

இந்தக் கல்லில் உள்ள கனிமங்கள் எந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவாகும் என்று சோதனைக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். பல இடங்களில் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழம் என்று பதில் வருகிறது. அதாவது கீழ்மேலோடு. அதற்கு மேலே இருந்த அத்தனை பாறையும் கோடிக்கணக்கான வருடங்களில் மழையும் ஆறும் அரித்துக் கடலுக்குக் கொண்டுபோனது, பாரம் குறைந்ததும் அடிப்பாறை மேலெழும்பியது. கோலாவில் இருபது வருடம் குடைந்து 12 கிலோமீட்டர் போனார்கள் (கேள்வி 6). நாம் கொல்லங்கோட்டிலிருந்து பார்க்கும் மலை அதைவிட ஆழத்திலிருந்து வந்தது.

வாளையாறு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அந்தச் சுண்ணாம்பு ஒரு காலத்தில் கடலடி வண்டல். மேலோட்டின் ஆழத்துக்கு இழுக்கப்பட்டு, வெந்து, பளிங்குபோல் இறுகி, திரும்பவும் மேலே வந்திருக்கிறது. போகவர இரண்டு பக்கமும் பயணம் செய்த கல்!

15. பாலக்காட்டுக் கணவாய் பெரிய பூகம்பத்துல மலை பிளந்து உண்டானதுதானே?

ஒரே நாளில் பிளந்ததில்லை. கணவாய்க்கு அடியில் பாலக்காடு காவிரி வெட்டுமண்டலம் என்ற பழைய பலவீனக் கோடு போகிறது. ஐம்பது கோடி வருடங்களுக்கும் முன்னால், நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதி உரசியபோது மேலோடு நசுங்கிய இடம். நசுங்கிய பாறை சீக்கிரம் அரிக்கும். ஆறுகள் அதைப் பிடித்துக்கொண்டு அகலப்படுத்தியதுதான் இந்த 30 கிலோமீட்டர் இடைவெளி என்பது பொதுவான கருத்து. மடகாஸ்கர் ஒன்பது கோடி வருடங்களுக்குச் சற்று முன்பின் நம்மை விட்டுப் பிரிந்தது. அந்தப் பிரிவின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

நடுக்கம் வராத இடம் என்றும் சொல்ல முடியாது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயமுத்தூர் பக்கம் வந்தது ஏறத்தாழ 6 அளவு. 1994 டிசம்பர் 2 அன்று வடக்காஞ்சேரி, தேசமங்கலம் பக்கம் 4.3. 2024 ஜூனில் திருச்சூர், பாலக்காடு எல்லையில் 3 அளவில் சின்ன ஆட்டம். இவையெல்லாம் மேலோட்டுக்குள் நடப்பவை. கவசத்துக்கும் கருவுக்கும் இதில் நேரடி வேலை இல்லை.

16. வயநாட்டுல பூமிக்கு அடியில சத்தம் கேட்டுச்சே, அது கவசம் நகர்ற சத்தமா?

2024 ஆகஸ்ட் 9 அன்று, நிலச்சரிவு முடிந்து பத்து நாளில் கேட்டது. அன்று நிலநடுக்கம் எதுவும் கருவிகளில் பதிவாகவில்லை என்று தேசிய நில அதிர்வு மையம் சொன்னது. கவசம் நகரும் வேகத்தைக் கேள்வி 4-இல் பாருங்கள். அந்த வேகத்துக்குச் சத்தம் வராது. இப்படிக் கேட்பதெல்லாம் மேலே உள்ள பாறையும் மண்ணும் இடம் மாறி அமரும் சத்தமாகத்தான் இருக்கும்.

17. நம்ம பக்கம் எரிமலை வருமா? கரண்டு கம்பத்துக்குக் கீழ லாவா வந்துச்சுன்னு ஒரு வீடியோ பாத்தேன்.

வராது. இந்தியாவில் இப்போது உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமானின் பாரன் தீவு ஒன்றுதான். அங்கே ஒரு கடல்தட்டு இன்னொன்றின் கீழே அமிழ்கிறது, கூடவே போகும் நீர் கவசப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. நமக்கு அடியில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

கம்பத்தடியில் வருவது மின்சார வேலை. உயரழுத்த மின்சாரம் தரையில் கசிந்தால் மண்ணும் கல்லும் உருகிக் கண்ணாடிபோல் ஆகும். லாவா என்று பயப்பட வேண்டாம், ஆனால் கிட்டேயும் போக வேண்டாம். முதலில் மின்வாரியத்துக்குப் போன் போடுங்கள்.

18. பூமிக்குள்ள கடல் மாதிரி தண்ணி இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்களாமே? அந்த ஆழத்துக்கு போர் போட்டா?

தலைப்பு எழுதியவர்கள் செய்த வேலை இது. சுமார் 520 முதல் 660 கிலோமீட்டர் ஆழத்தில் ஆலிவின் அழுத்தத்தால் உருமாறி ரிங்வுடைட் என்ற கனிமமாகிறது. 2014-இல் பிரேசில் வைரம் ஒன்றுக்குள் அதன் நுண்ணிய துணுக்கு அகப்பட்டது, அதன் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் நீர். அந்த அடுக்கு முழுக்க அப்படியே இருந்தால் கடல்கள் அளவு நீர் தேறும். ஆனால் அது ஓடும் தண்ணீர் இல்லை, படிகத்துக்குள் அணு அணுவாகப் பூட்டிக் கிடப்பது. மோட்டார் இறக்கி எடுக்க முடியாது. போர் போடுவதைப் பற்றிக் கேள்வி 6 போதும்.

19. இங்கிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் துளை போட்டு ஒரு கல்லைப் போட்டா எங்க போய் விழும்?

கொழிஞ்சாம்பாறைக்கு நேர் எதிர்ப்பக்கம் பெரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் கடல். அங்கிருந்து கடல்தண்ணீர் துளைக்குள் கொட்டும் என்பது முதல் தொல்லை. அதையும் சூட்டையும் காற்றையும் மறந்துவிட்டுப் பேசுவோம். கல் வேகமெடுத்து மையத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் விளிம்புவரை போய் ஒரு கணம் நின்று, திரும்பி வரும். ஒரு பக்கம் போக நாற்பது நிமிடத்துக்குச் சற்று முன்பின். பூமி சுழல்வதால் கல் துளையின் சுவரில் உரசும், துருவத்திலிருந்து துருவத்துக்குப் போட்டால்தான் உரசாது.

இதில் பலருக்குத் தெரியாதது ஒன்று. உள்ளே போகப் போக ஈர்ப்பு உடனே குறையாது. கரு அவ்வளவு கனம் என்பதால், கவசம் முடியும் இடம்வரை ஈர்ப்பு மேலே இருக்கும் அளவுக்கே நிற்கும். கருவைத் தொடும் இடத்தில் இங்கிருப்பதைவிடச் சற்று அதிகம். அதற்கப்புறம்தான் குறைந்து மையத்தில் பூஜ்யமாகும். சீராகக் குறையும் என்ற பதில் பூமி முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துக்கொண்டால் மட்டும் சரி.

20. உட்கரு சுத்தறது நின்னுபோச்சுன்னு வாட்ஸ்அப்ல வந்துதே, உலகம் அழிஞ்சிருமா?

2023-இல் வந்த ஓர் ஆய்வைத் திரித்த செய்தி. உட்கரு திரவத்தில் மிதப்பதால் மேலுள்ள பூமியைவிடக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ சுழல முடியும். முன்பு சற்று முந்திக்கொண்டிருந்தது. 2009 வாக்கில் நம்மோடு ஒரே வேகத்துக்கு வந்தது என்று அந்த ஆய்வு சொன்னது. நின்றுவிட்டது என்றால் நம்மை ஒப்பிட்டு நின்றது என்று பொருள், அது நம்மோடு சேர்ந்து நாளுக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது சற்றுப் பின்தங்குகிறது என்று 2024-இல் வேறொரு குழுவும் சொன்னது. நாள் நீளத்தில் மாற்றம் வந்தாலும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

21. கன்னியாகுமரிக்குத் தெக்கே கடல் நூறு மீட்டர் பள்ளமா இருக்குதாமே? தண்ணி எப்படிப் பள்ளத்துல ஓடாம நிக்கும்?

உண்மைதான். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், கணக்குப்படி இருக்க வேண்டிய மட்டத்தைவிடக் கடல் சுமார் 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே பெரிய பள்ளம் இதுதான். காரணம் அங்கே ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. கவசத்தின் நடு, மேல் பகுதிகளில் சூடான, லேசான பாறை பரவியிருப்பதே அதற்குக் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 2023-இல் கணினி மாதிரிகள் வைத்துச் சொன்னார்கள். அது ஆப்பிரிக்காவுக்கு அடியில், கருவை ஒட்டிய ஆழத்திலிருந்து கிளம்பி வந்த சூடு. இந்தியா வடக்கே நகர்ந்தபோது மறைந்த டெத்திஸ் கடலின் அடித்தளம் கவசத்துக்குள் மூழ்கி அதைக் கிளப்பிவிட்டது என்பது அவர்கள் விளக்கம்.

தண்ணீர் ஏன் ஓடவில்லை என்றால், நம் கண்ணுக்குப் பள்ளம் என்று படுவது தண்ணீருக்குச் சமதளம். சுற்றியுள்ள இடங்களில் ஈர்ப்பு அதிகம், தண்ணீர் அந்தப் பக்கம் இழுபட்டு நிற்கிறது. அந்தக் கடலில் கப்பல் தளத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும். பள்ளம் இருப்பது தெரிந்ததே ஈர்ப்பை அளக்கும் கருவியாலும், பிற்பாடு செயற்கைக்கோள்களாலும்தான்.